முதல் நாளைக்கு ஒரு முட்டை

மாசி மாதத்துக் குற்றாலத்தை வெளியூர்க்காரர்கள் அதிகம் பார்த்ததில்லை. பேரருவிப் பாறையில் வெள்ளை நூல் போல ஒரு கோடு வழியும். சில வருடம் அதுவும் இருக்காது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலை அள்ளிக்கொண்டு வரும்போது தொடங்கும் சீசன், ஆகஸ்ட் கடைசியில் தணியும். பிறகு ஐப்பசி மழை, அதன்பின் கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குப் போகிற சாமிமார் கூட்டம். தையில் மகர விளக்கு முடிந்தால் கடைவீதி வெறிச்சோடிவிடும். துண்டு விற்றவர், நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்தவர், குளிக்க வந்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் எல்லோரும் அடுத்த ஆனி வரைக்கும் வேறு பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். போக இடமில்லாத நாய்கள் அங்கேயே கிடக்கும்.

அப்படியொரு மாசியில்தான் பழைய குற்றாலம் போகும் சாலையில், பூட்டிக் கிடந்த பரோட்டாக் கடையின் அடுப்பு மேடைக்குக் கீழே அந்தப் பெட்டை நாயைப் பார்த்தேன். சாம்பலில் சுருண்டு கிடந்தது. ஒரு காலத்தில் செவலையாக இருந்திருக்க வேண்டும். முதுகிலும் காதிலும் முடி கொட்டி, தோல் தடித்து மடிப்பு விழுந்திருந்தது. விலா எலும்பை எட்ட நின்றே எண்ணலாம். கழுத்தில் நீல நைலான் கயிற்றின் அறுந்த துண்டு. தெருவில் பிறந்த நாய்க்கு யாரும் கயிறு கட்டுவதில்லை. யார் வீட்டிலோ வளர்ந்ததை யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டீக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். "ரெண்டு மாசமா கெடக்கு சார். சீசன் முடிஞ்சா இதுகளுக்கும் சோறு முடிஞ்சுதுல்லா" என்றார். மனசு கேட்கவில்லை. நாலு பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்து பிய்த்துப் போட்டேன். மெல்லாமல் விழுங்கியது. அரை மணி நேரத்தில் அத்தனையையும் கக்கிவிட்டு, கால் நடுங்கிச் சரிந்தது. பயந்துபோய், கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்று மேலகரத்தில் வசிக்கும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தவர் நாயைத் தொடவில்லை. "என்ன போட்டீங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன்.

"கக்கினதுனால தப்பிச்சுது."

அந்த ஒரு சொல்லின் பொருள் எனக்குப் பிடிபடச் சில மாதம் ஆயிற்று. பட்டினி கிடந்த உயிருக்கு வயிறாரச் சோறு போடுவதுதான் தர்மம் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சோறே கொல்லும் என்றால் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள்.

பட்டினியில் உடம்பு தன் வீட்டுக் கணக்கையே மாற்றி எழுதிக்கொள்ளும். ஈரலில் இருக்கும் கிளைகோஜன் என்கிற சர்க்கரை இருப்பு ஓரிரு நாளில் காலியாகும். அடுத்தது கொழுப்பு கரையும். கொழுப்பு வற்ற வற்றத் தசையை உருவி எரிக்கும். நெற்றிப் பொட்டு குழிந்து, தொடை சூம்பி, முதுகெலும்பு முள்வேலி மாதிரித் துருத்தி நிற்பது இதனால்தான். இந்தக் காலத்தில் இன்சுலினுக்கு வேலை குறைவு என்பதால் கணையம் அதை மிகக் கொஞ்சமாகவே சுரக்கும். கூடவே பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய உப்புகளின் கையிருப்பு கரைந்துகொண்டே வரும். ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் மட்டும் அளவு ஏறக்குறையச் சரியாகக் காட்டும். செல்களுக்குள் இருந்ததைக் கொண்டுவந்து ரத்தத்தில் நிரவி உடம்பு சமாளித்துக்கொண்டிருக்கிறது என்பது வெளியே தெரியாது.

இந்த நிலையில் நாலு பரோட்டா உள்ளே போகிறது. மைதா முழுக்க மாவுச்சத்து. அது சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறியதும், பல வாரம் அடங்கிக் கிடந்த இன்சுலின் மொத்தமாகப் பாயும். ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளுவது அதன் வேலை. சர்க்கரை போகும்போது மிச்சம்மீதி இருந்த பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் ரத்தத்தில் இந்த உப்புகளின் அளவு அதலபாதாளத்துக்குப் போகும். செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்யப் பாஸ்பேட் வேண்டும். அது தட்டுப்பட்டால் சிவப்பணுக்கள் உடையும், மூச்சு இழுக்கும் தசை தளரும். பொட்டாசியம் குறைந்தால் இதயம் தாளம் தப்பும். நேற்றுவரை பசியோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நாய், வயிறு நிறைந்த மறுநாளோ மூன்றாம் நாளோ செத்துப்போகும். "நல்லாச் சாப்பிட்டுச்சே, எப்படிச் செத்துச்சு?" என்று ஊர் கேட்கும்.

மருத்துவத்தில் இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். இரண்டாம் உலகப் போரின் முடிவில், முகாம்களில் பட்டினி கிடந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் பலர் உணவு கிடைத்த பிறகு இறந்தார்கள். மருத்துவர்கள் இதை ஊன்றிக் கவனித்தது அப்போதுதான். மனிதருக்குக் கண்ட விதியே நாய்க்கும் பொருந்துகிறது.

பெரியவர் ஒரு கணக்குச் சொன்னார். கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் போடும் கணக்குதான் அது. நாயின் எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்க அதற்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி கிடைக்கும். செவலையை அரிசி எடைபோடும் தராசில் நிறுத்தியபோது பத்து கிலோ இருந்தது. பத்து கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 400 கலோரி. மோசமாக மெலிந்த நாய்க்கு முதல் நாள் அதில் கால்வாசி, அதாவது 100 கலோரி. வேகவைத்த முட்டை ஒன்றும் ஒரு கரண்டிச் சோறும் சேர்ந்தால் வந்துவிடும். அதையும் ஒரே வேளையாகக் கொடுக்காமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாலைந்து நாளில் 400-க்குக் கொண்டுவர வேண்டும். உடல் தேறத் தொடங்கிய பிறகே எடை கூட்டும் சாப்பாடு. சோற்றைவிட முட்டையும், உப்பு காரம் போடாமல் வேகவைத்த கோழியும் நல்லது. அவற்றில் மாவுச்சத்து இல்லாததால் இன்சுலின் பாய்ச்சல் குறைவாக இருக்கும். பாஸ்பேட்டும் கிடைக்கும். வசதி இருந்தால் மருத்துவரிடம் காட்டி பி1 வைட்டமின் ஊசி போட்டுக்கொள்வது பாதுகாப்பு. நான் வாங்கிப்போட்ட நாலு பரோட்டாவில் ஆயிரம் கலோரிக்கு மேல் இருந்திருக்கும்.

சால்னாவில் வேறொரு தீங்கும் இருந்தது. வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு வெங்காயம் அளவு கூடினால் சில நாளில் சிறுநீர் செம்மண் நிறமாகப் போகும், ஈறு வெளுக்கும். பேருந்து நிலையங்களில் பிரியமாகப் போடும் இனிப்பு பிஸ்கட்டும், தட்டில் ஊற்றும் பாலும்கூட நலிந்த நாய்க்கு உதவாது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காமல் வயிற்றால் போகும். ஏற்கெனவே வற்றிக் கிடக்கும் உடம்பில் அந்த நீரிழப்பே போதும், ஆளைச் சாய்க்க.

ஐந்தாம் நாள் செவலை தானாக எழுந்து நின்றது. பெரியவர் வீட்டுப் பின்கட்டில், மாட்டுத் தொழுவத்தின் மூலையில் சாக்கு விரித்து இடம் கொடுத்திருந்தோம்.

வயிறு ஒரு வழிக்கு வந்ததும் தோல். தமிழில் ஒருவரை இழிவாகத் திட்ட 'சொறி நாய்' என்கிறோம். திட்டுகிறவர்களுக்கு அது ஒரு நோயின் பெயர் என்ற நினைப்பே இருக்காது. குணமாகிற நோய், அதுவும் இப்போது மிகச் சுலபமாக. நாய்ச் சொறிக்குப் பெரும்பாலும் இரண்டு பூச்சிகள் காரணம். ஒன்று சார்கோப்டெஸ். கண்ணுக்குத் தெரியாத, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான எட்டுக்கால் உயிர். பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போய் முட்டையிடும். முட்டை பொரிந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட மூன்று வாரம். அதன் கழிவும் எச்சிலும் கிளப்பும் ஒவ்வாமைதான் அந்தத் தீராத அரிப்பு. இன்னொன்று டெமோடெக்ஸ். இது அநேகமாக எல்லா நாயின் மயிர்க்கால்களிலும் குடியிருப்பது. பிறந்த சில நாளில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேரும். நாய் நன்றாக இருக்கும்வரை இதுவும் அடங்கியிருக்கும். பட்டினியாலோ நோயாலோ எதிர்ப்புச் சக்தி விழுந்தால் பெருகிவிடும். ஆகவே டெமோடெக்ஸ் சொறி என்பது பாதி, பசியின் நோய்.

எது என்று பார்க்க மருத்துவர் பிளேடால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைப்பார். அதற்கு முன் ஒரு கைச்சோதனை உண்டு. நாயின் காது மடல் விளிம்பை விரலால் தேய்த்தால், சார்கோப்டெஸ் பிடித்த நாயின் பின்னங்கால் தானாகச் சொறிவது போல உதறும். செவலை உதறியது. அடுத்த வாரம் என் முழங்கையிலும் அரிப்பு வந்தது. நாயின் சார்கோப்டெஸ் மனிதத் தோலில் ஏறிக் கடிக்கும், ஆனால் நம்மிடம் வம்சம் பெருக்க முடியாது. நாய்க்கு வைத்தியம் ஆனதும் என் அரிப்பும் தானே நின்றுவிட்டது.

நம் ஊர்களில் சொறி நாய் மேல் மெக்கானிக் கடையின் கழிவு ஆயிலைப் பூசும் பழக்கம் உண்டு. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். அந்த ஆயிலில் பெட்ரோலியக் கழிவும் உலோகத் துகள்களும் இருக்கின்றன. புண்ணான தோல் வழியே அது உள்ளே இறங்கும். மீதியை நாய் நக்கி விழுங்கும். பூச்சி சாவதற்குள் ஈரலும் சிறுநீரகமும் கெடும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யவேண்டாம்.

சொறிக்கு நெடுங்காலம் கைகொடுத்த மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரி சுரக்கும் பொருளிலிருந்து வந்தது. அதை மருந்தாக்கியதில் வில்லியம் கேம்ப்பெல்லுக்குப் பெரும் பங்கு. 2015-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கானோரின் பார்வையைக் காத்த அதே மருந்துதான் நம் தெரு நாயின் தோலையும் காக்கிறது. ஆனால் கை மதிப்பில் ஊசி போடக்கூடாது. கோலி வகை நாய்கள் பலவற்றில் ஒரு மரபணுக் குறையால் இந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். குட்டிகளுக்கும் மிக நலிந்தவற்றுக்கும் அளவு தப்பினால் ஆபத்து. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகள் வந்துவிட்டன. ஒரு மாத்திரை பல வாரம் வேலை செய்யும், உண்ணியையும் சேர்த்தே தீர்க்கும். செவலைக்கு மருத்துவர் அதைத்தான் எழுதிக்கொடுத்தார். மூன்றாம் வாரம் சொறிவது நின்றது. ஆறாம் வாரம் முதுகில் பூனைமயிர் போல மெல்லிய செம்முடி முளைத்தது. அதைத் தடவிப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக்காட்டத் தெரியவில்லை.

அதற்குள் வேறொன்று தெரியவந்திருந்தது. பின்புறத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. டீக்கடையில் அதைத் தீட்டு என்று நினைத்திருக்கிறார்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். பிறப்புறுப்புக்குள் காலிஃப்ளவர் மாதிரி ஒரு கட்டி. இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோய் என்றார்கள்.

புற்றுநோய் தொற்றுமா என்று நீங்கள் கேட்பது நியாயம். பொதுவாகத் தொற்றாது. இது விதிவிலக்கு, உயிரியலின் ஆச்சரியங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய புற்றுச் செல், அந்த நாய் செத்த பிறகும் சாகாமல் இன்னொரு நாய்க்குத் தாவி, அதிலிருந்து வேறொன்றுக்குத் தாவி, இன்றுவரை உலகம் முழுக்க வாழ்ந்துகொண்டிருக்கிறது. 2019-ல் வெளியான மரபணு ஆய்வு அதன் வயதை 4,000 முதல் 8,500 ஆண்டு என்று கணக்கிட்டது. செவலையின் கட்டியிலிருந்த செல்களின் மரபணு செவலையுடையது அல்ல. என்றோ வாழ்ந்த அந்த முதல் நாயுடையது.

இதற்கு அறுவை அநேகமாகத் தேவைப்படாது. வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை நரம்பில் செலுத்தினால், நாலு முதல் ஆறு வாரத்தில் பத்தில் ஒன்பது நாய்க்குக் கட்டி கரைந்துவிடும். அந்த மருந்து நமக்குத் தெரிந்த செடியிலிருந்து வருகிறது. நித்தியகல்யாணி! வீட்டு வாசலில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கிற, நம் தென் மாவட்டத்து மானாவாரிக் காடுகளில் ஏக்கர் கணக்கில் பயிரிட்டு இலையும் வேருமாக விற்கிற அதே செடி. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்க நுண்குழல்கள் வேண்டும். வின்கிரிஸ்டின் அந்தக் குழல்கள் கட்டப்படாமல் தடுக்கும். ஓயாமல் பெருகும் புற்றுச் செல் பாதியில் மாட்டிக்கொண்டு சாகும். ஒரு கிராம் மருந்துக்கு ஏராளமான காய்ந்த இலை வேண்டியிருக்கிறது. மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும், வெள்ளையணுக்களும் குறையும். ஆகையால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்தப் பரிசோதனை உண்டு. மெலிந்து கிடக்கும் நாய்க்கு எடுத்த எடுப்பில் இதைத் தொடங்கக்கூடாது. அதனால்தான் முதலில் முட்டை, பிறகு தோல், அதன்பிறகு இது. ஐந்தாம் ஊசியில் செவலையின் கட்டி மறைந்தது. பின்னர் கருத்தடை அறுவையும் ரேபிஸ் தடுப்பூசியும் ஆயிற்று.

உடம்பைப் பற்றி இவ்வளவு சொன்னேன். உடம்பு தேறுவதற்கு எனக்குத் தெரிந்து வழி இருக்கிறது, மருந்து இருக்கிறது. பயம் தேறுவதற்குத்தான் நாள் பிடிக்கும். பெரும்பாலானோர் கைவிடுவதும் அந்த இடத்தில்தான்.

தெருவில் எந்த நாயின் முன்னாலும் குனிந்து பாருங்கள். செருப்பு வாரைச் சரிசெய்யத்தான் குனிகிறீர்கள், நாய் ஓடும். குனிந்தால் கல் எடுப்பான் என்று அது படித்து வைத்திருக்கிறது. செவலை கூடுதலாக ஒன்றைப் படித்திருந்தது. விளக்குமாற்றைக் கண்டால் ஓடாது. அப்படியே படுத்து, சிறுநீர் கழித்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளும். கட்டிப்போட்ட இடத்திலேயே அடி வாங்கிய நாய் ஓடிப் பயனில்லை என்று கற்றுக்கொள்கிறது. 1967-ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை உளவியல் மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களில் பெரும்பாலானவை, பிறகு வழி இருந்த கூண்டில் விட்டபோதும் தாண்டாமல் படுத்துக் கிடந்தன. இன்று அப்படியொரு சோதனையை யாரும் அனுமதிக்கக்கூடாது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்ததை நாம் பின்கட்டுகளில் கயிறும் கம்புமாகத் தினமும் செய்துகொண்டிருக்கிறோம். அடங்கிக் கிடக்கும் நாயைப் பார்த்துச் 'சாது' என்று சொல்லிவிடுகிறோம்.

"மூணு நாளைக்கு அதைப் பாக்காதீங்க" என்றார் பெரியவர். தண்ணீரும் சாப்பாடும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், பேசவோ தொடவோ கூடாது. எனக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டது. பின்னால் படித்தபோதுதான் புரிந்தது. அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் நடந்த ஆய்வு 1997-ல் வெளிவந்தது. புதிதாக வந்த நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் முதல் மூன்று நாள் உச்சத்தில் இருந்து, அதன் பின்னரே இறங்கியது. கார்ட்டிசால் உச்சத்தில் இருக்கும் நாய்க்கு நம் அன்பும் இன்னொரு மிரட்டல்தான். பயந்த நாய் கடிப்பதும் அந்த நாட்களில்தான்.

நாலாம் நாளிலிருந்து பெரியவர் பக்கவாட்டில் திரும்பி, தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தார். நேருக்கு நேர் பார்ப்பது நாய்கள் நடுவே சண்டைக்கு அழைப்பு. நின்றபடி கையை மேலிருந்து தலைக்கு நீட்டுவதும் அப்படித்தான். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கோழித்துண்டை வீசுவார். மறுநாள் ஒன்பதடி. நாய் காதை மடக்கினால், உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பினால், கண்ணின் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். திரும்பப் பத்தடி. விளக்குமாற்றுக்கும் அதே வைத்தியம். தொழுவத்தின் எதிர்க்கோடியில், செவலைக்குப் பயம் எழாத தூரத்தில், அதைச் சுவரில் சாத்தி வைத்தார். அது கண்ணில் படும்போதெல்லாம் ஒரு துண்டு கோழி. விளக்குமாறு மறைந்தால் கோழியும் நின்றுவிடும். மணிச்சத்தத்துக்கு எச்சில் ஊறும் பாவ்லோவ் கதை நமக்குத் தெரியும். இது அதையே எடுத்துப் பயத்தின் மேல் எழுதுவது. பழைய பாடம் அழியாது, அதன் மேல் புதிய பாடம் படியும். அவசரப்பட்டு ஒரு நாள் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் பழைய பாடம் மேலே வந்துவிடும். எங்களுக்கே இரண்டு தடவை அப்படி ஆயிற்று.

சாப்பாட்டுத் தட்டருகே யாராவது வந்தால் செவலை உறுமியது. அதையும் திமிர் என்று எண்ணக்கூடாது. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். உணவு தாராளமாகக் கிடைத்த பின்னும் சிலருக்கு அந்த வெறி மாதக்கணக்கில் அடங்கவில்லை. படித்த மனிதருக்கே அப்படி. உறுமும் நாயின் தட்டைப் பிடுங்கி அடக்க நினைப்பது கடி வாங்கும் வழி. தட்டருகே போகும்போதெல்லாம் இன்னும் ருசியானதொன்றைச் சேர்த்துப் போடுவதுதான் மருந்து.

செவலைக்கு ஒரு நல்லகாலம் இருந்தது. குட்டியாக இருந்தபோது மனிதக் கை பட்டிருக்கிறது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-ல் நூலாக எழுதினார்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மூளை உலகத்தைப் பதியவைக்கும் காலம். அப்போது மனிதரைக் கண்டே இராத நாய் பிறகு மனிதரோடு ஒட்டுவது கடினம். அப்படிப்பட்டதை வீட்டுக்குள் அடைத்து வைத்து அன்பு காட்டுவது அதற்குச் சிறை. வைத்தியம் பார்த்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, அது அறிந்த தெருவிலேயே விடுவதுதான் மறுவாழ்வு.

தெருநாய்கள் மனிதரை எப்படி எடைபோடுகின்றன என்று கொல்கத்தாவின் ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு ஆண்டுக்கணக்காக ஆய்ந்து வருகிறது. 2017-ல் வெளியான அவர்கள் கட்டுரை ஒன்று, முன்பின் தெரியாதவர் தொடர்ந்து வந்து தடவிக்கொடுத்தபோது, தொடர்ந்து சோறு மட்டும் போட்டபோதைவிட நாய்களுக்கு நம்பிக்கை அதிகம் விளைந்ததைக் காட்டியது. ஐம்பத்தோராம் நாள் செவலை தானாக வந்து பெரியவரின் முழங்காலில் மோவாயை வைத்தபோது அவர் கையில் தின்ன ஒன்றும் இல்லை.

இங்கே இராஜபாளையம் நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தென்காசிக்கு வடக்கே சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் ஊரின் நாய். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று ஆட்கள் கேட்கக் கேட்க, நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இணைசேர்த்தார்கள். நிறமியை உண்டாக்கும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாமற்போனால் பிறந்த சில வாரத்தில் செவி செத்துவிடும். இப்படிப் பிறவிச் செவிடாக ஆன வெள்ளை நாய்கள் இந்த இனத்தில் உண்டு. கூப்பிட்டால் வராது, சொன்னால் கேட்காது, தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். சொல் பேச்சுக் கேளாத நாய் என்று அடித்து, கடைசியில் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கைச்சைகையாலும், தரையில் தட்டும் அதிர்வாலும் அந்த நாய்கள் அழகாகப் பழகும்.

விடுவது குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. பசியாலோ தாகத்தாலோ வாடும்படி விலங்கைக் கைவிடுவதும், நியாயமற்ற நேரம் சங்கிலியில் கட்டிவைப்பதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வருகின்றன. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறவில்லை. வெட்கப்பட வேண்டிய எண் இது.

நாய்க்கடிக்கு அஞ்சுகிறவர்களின் அச்சமும் நியாயமானதே. இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக இயலாது. எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், குரல் மாறி, காரணமில்லாமல் பாயும் நாயை எவ்வளவு இரக்கம் வந்தாலும் தொடக்கூடாது. கடிபட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். நாய்களை மீட்கப் போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம்.

கொன்றால் தீராதா என்ற கேள்விக்குச் சென்னை நூறாண்டுக்கு மேல் விடை தேடியது. மாநகராட்சி 1860-லேயே நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கிவிட்டது. கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பைத் தொடங்கினார். எவ்வளவு கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லை என்பதைக் காட்டி, 1964-லிருந்து கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று அந்த அமைப்பு வாதாடியது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. ஒரு தெருவின் நாய்களை அப்புறப்படுத்தினால் அங்கே மிஞ்சிக் கிடக்கும் சோற்றுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வரும். ஊசி போடாதவையாகவும் வரும். நூறு நாய்க்கு எழுபதுக்கு ஊசி போட்டால் ரேபிஸ் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகெங்கும் ஒத்துக்கொண்ட கணக்கு.

குற்றாலத்துக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அருவிக்கு மேலே காடு. நாய்களின் டிஸ்டெம்பர் கிருமி காட்டு விலங்குக்கும் பரவும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது அவற்றில் பலவற்றின் உடம்பில் அந்தக் கிருமி இருந்தது. அடிவாரத்து நாய்க்கு இதற்கென்று போடும் ஊசி மேலே இருக்கும் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் காவல்.

செவலை இப்போது மேலகரத்தில்தான் இருக்கிறது. பதினேழு கிலோ. பெரியவர் வாசல் கூட்டும்போது விளக்குமாற்றின் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. புதிதாக யாராவது குனிந்தால் இன்றும் பத்தடி விலகிப் போய் நின்று பார்க்கும்.

1885 ஜூலை 6 அன்று பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்கு முதல் ரேபிஸ் ஊசியைப் போட வைத்தார். அந்த நாளை விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான நாளாக உலகம் கடைப்பிடிக்கிறது. நம் அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் அன்று நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுவது வழக்கம். ஜூலை 6 என்றால் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நேரம், கடைவீதி நாய்கள் வயிறு நிறைந்து, ஆட்களோடு பழகி நிற்கும் நேரம். அங்கே கடை வைத்திருக்கிற அண்ணாச்சிமார்களே, உங்கள் கடை வாசலில் படுத்திருக்கிற நாயை அன்றைக்கு ஒரு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.